எத்தியோப்பிய ரோஜாப் பண்ணைகளுக்கு வந்திருக்கும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு: மலேரியா விஷயம்

"எத்தியோப்பியாவில் மலேரியா உண்டா?" உண்டு. ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பண்ணை எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கொசுவின் உடம்புக்குள் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதற்குச் சூடு வேண்டும்: பால்சிபாரம் என்ற வகைக்குச் சுமார் 18 டிகிரி, வைவாக்ஸ் என்ற வகைக்குச் சுமார் 16. வெப்பநிலை அதற்கும் கீழே இருக்கும் ஊரில் கொசு கடித்தாலும் மலேரியா பரவுவது அரிது. மேட்டில் இருப்பதால் குளிரான அடிஸ் அபாபாவிலும் ஹொலெட்டாவிலும் அச்சம் குறைவு என்பது இதனால்தான். ரோஜாப் பண்ணைகள் நிறைந்த ஸிவாய் சுமார் 1,640 மீட்டர். ஓசூரைவிட எவ்வளவோ உயரம், ஆனாலும் அங்கே மலேரியா இருக்கிறது. மேட்டில் வேலை பார்ப்பவர்களும் லீவில் ஸிவாய், அவாசா பக்கம் ராத்திரி தங்கினால் கணக்கு மாறிவிடும்.

பெருமழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் முதல் டிசம்பர் வரைதான் அதிகம். ஏப்ரல், மே வாக்கில் இன்னொரு சிறிய அலை. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். மாலை ஷிப்ட் முடிந்து வெளியே உட்கார்ந்து பேசும் நேரத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். மருந்து தோய்த்த வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். அடிக்கடி துவைத்தாலோ வெயிலில் காயப்போட்டாலோ மருந்து போய்விடும். தண்ணீர்த் தொட்டிகளை மூடி வையுங்கள். அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற நம்மூர்க் கொசு 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டிதான் அதற்குப் பிடித்த இடம்.

தடுப்புக்கு என்று ஊரிலிருந்து குளோரோகுயின் மாத்திரை வாங்கி வருவது வீண். இங்குள்ள பால்சிபாரம் அதற்கு அடங்காது. டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால் ஆபத்தான இடத்துக்குப் போக ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, தினமும் 100 மில்லிகிராம், அங்கிருந்து கிளம்பிய பின்னும் 4 வாரம் சாப்பிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி 4 வாரத்தில்தான். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், வெயிலில் தோல் எரியும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

வந்து 7 நாளுக்குள் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் வேறு காரணம். அதற்குப் பிறகு வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. கோடு காட்டும் பட்டைச் சோதனையில் "இல்லை" என்று வந்தால் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்தப் பட்டை தேடும் புரதமே இல்லாத பால்சிபாரம் எத்தியோப்பியாவில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை.

வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். அதை ஒழிக்கப் பிரைமாகுயின் என்ற மருந்து வேண்டும். அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கிறதா என்று சோதனை செய்யாவிட்டால் சிலருக்கு ரத்த அணுக்கள் உடையும். லீவில் ஊருக்குப் போனபோது காய்ச்சல் வந்தால் கிருஷ்ணகிரியில் முதலில் டெங்குவைத்தான் தேடுவார்கள். எத்தியோப்பியாவிலிருந்து வந்ததை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.