"ப்ராக்டிகலான ஆளு"னு தமிழ்ல எழுதுறது எப்படி? ஆரம்பத்துல இருந்து பாக்கலாம்

எங்க சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதுற பொறுப்ப என்கிட்ட குடுத்தாங்க. அவர் முப்பது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கவர், வீண் ஆசை கிடையாது, ஆகாத விஷயத்தப் பேசவே மாட்டார், இத ஒரே வார்த்தையில சொல்லிடணும்னு யோசிச்சு "சிறந்த காரியவாதி"னு எழுதி பிரஸ்ல குடுத்துட்டேன். ப்ரூஃப் பாக்குற பெரியவர் அந்த ஒரு வார்த்தைய மட்டும் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு, "தம்பி, சித்தப்பா மேல எதாவது மனவருத்தமா?"னு கேட்டார். அப்பதான் எனக்கு உறைச்சுது. காரியவாதின்னா தன் காரியம் மட்டும் நடந்தா போதும்னு இருக்கவன். அந்த மடல திரும்ப எழுதும்போது கத்துக்கிட்டதத்தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன்.

ஸ்டெப் 1: முதல்ல ஆளப் பாருங்க, வார்த்தை அப்புறம்

ப்ராக்டிகல்னு நாம ஒரே சொல்லா சொல்றோம், ஆனா அதுக்குள்ள நாலஞ்சு குணம் இருக்கு. உள்ளத உள்ளபடி ஏத்துக்குறவரா? அப்ப யதார்த்தம். எந்த ஐடியா சொன்னாலும் "இது நடக்குமா, யாரு செய்வா, எவ்ளோ ஆகும்"னு கேக்குறவரா? அங்க நடைமுறைங்கிற சொல் பொருந்தும், "நடைமுறை தெரிஞ்சவர்"னு எழுதலாம். அடிபட்டு கத்துக்கிட்டவர்னா பட்டறிவு உள்ளவர், உலகம் தெரிஞ்சவர். பதறாம முடிவு எடுக்குறவர்னா நிதானம், பக்குவம். தன் சக்திக்கு மேல எதுலயும் இறங்காதவர்னா "அகலக்கால் வைக்காதவர்", எங்க சித்தப்பா இந்த ரகம்தான்.

இந்த அகலக்கால் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். திருக்குறள்ல 48வது அதிகாரம் வலியறிதல், அதுல 478வது குறள், "ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை". வரவு வர்ற வழி சின்னதா இருந்தாலும் பரவால்ல, செலவு போற வழி அகலமாகாம இருந்தா கேடு இல்லன்னு அர்த்தம். நம்ம வீட்டுப் பெரியவங்க "அகலக்கால் வைக்காத"ன்னு சொல்றப்பவும் எச்சரிக்கை அந்த அகலத்தப் பத்திதான், எனக்கு அத கவனிச்சப்ப சிலிர்த்துடுச்சு.

ஸ்டெப் 2: யதார்த்தத்த கவனமா கையாளுங்க

புதுசா எழுதுறவங்க எல்லாரும் முதல்ல எடுக்குற சொல் இது, ஆனா பேச்சுல இதுக்கு வேற வேற வேலை இருக்கு. "யதார்த்தமா சொன்னேன், தப்பா எடுத்துக்காத"ன்னா மனசுல எதையும் வச்சுக்காம சொன்னேன்னு அர்த்தம். "யதார்த்தமா கடைப்பக்கம் போனேன், அவர பாத்தேன்"னா தற்செயலா. "அவர் ரொம்ப யதார்த்தமான மனுஷன்"னா நிறைய ஊர்ல பந்தா இல்லாதவர், வெகுளின்னுதான் புரிஞ்சுக்குவாங்க, கணக்குப் போட்டு முடிவெடுக்குறவர்னு யாரும் நினைக்க மாட்டாங்க. "யதார்த்தவாதி வெகுஜன விரோதி"ங்கிற பழமொழியிலயோ உண்மைய முகத்துக்கு நேரா சொல்றவர். அதனால இந்தச் சொல்ல தனியா விடாதீங்க, பக்கத்துல ஒரு வரி சேருங்க: "நிலைமைய யதார்த்தமா பாத்து முடிவெடுப்பார்". எழுத்து யதார்த்தமா எதார்த்தமான்னு கேப்பீங்க, ரெண்டும் புழக்கத்துல இருக்கு, ஒரே கட்டுரையில ஒண்ணையே வச்சுக்கோங்க. நடப்பியல்னு ஒரு சொல் இருக்கு, அது இலக்கிய விமர்சனத்துல வர்றது, மனுஷங்களுக்குப் போடாதீங்க.

ஸ்டெப் 3: கத்தி மாதிரி சொற்கள தனியா ஒதுக்குங்க

காரியவாதி, சந்தர்ப்பவாதி ரெண்டும் எப்பவுமே திட்டுதான். "பிழைக்கத் தெரிஞ்சவர்", "விவரமான ஆளு", "காரியக்காரர்" இதெல்லாம் குரலப் பொறுத்தது, நேர்ல சிரிச்சுக்கிட்டே சொன்னா பாராட்டு, இழுத்துச் சொன்னா குத்தல். பேப்பர்ல குரல் கேக்காது, அதனால மடல், பிரிவு உபசார உரை, வரன் விளம்பரம் மாதிரி இடத்துல இதுங்கள தொடவே வேண்டாம்.

ஸ்டெப் 4: பட்டம் குடுக்காம செயலச் சொல்லுங்க

எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான ஸ்டெப்னு தோணுது. தமிழ்ல இந்த குணம் பெயர்ச்சொல்லவிட வினையிலதான் நல்லா உக்காருது. நம்ம வீடுகள்ல யாரும் "நடைமுறைவாதியா இரு"ன்னு சொல்றதில்ல, "ஆகுற கதையப் பேசு", "நடக்குறத பாரு", "இருக்குறத வச்சு ஆரம்பி", "விரலுக்கேத்த வீக்கம் போதும்"னுதான் சொல்றோம். எதிர்ப்பக்கம் காட்டணும்னா மனக்கோட்டை கட்டாதவர், ஏட்டுச் சுரைக்காய நம்பாதவர்னு சொல்லலாம்.

"அவர் ஒரு நடைமுறைவாதி"னு எழுதினா ஆபீஸ் சர்க்குலர் மாதிரி வறண்டு கிடக்கும். அதையே இப்படி மாத்துங்க: "பக்கத்துக் கடையும் காலியாச்சு, எடுத்துக்கோங்கன்னு எல்லாரும் சொன்னோம், அவர் கல்லாவத் திறந்து ஒரு தடவ பாத்தார், அடுத்த தீபாவளிக்குப் பாக்கலாம்னுட்டார்". இதுல ப்ராக்டிகல்னு எங்கயும் வரல, ஆனா ஆளு கண்ணு முன்னாடி நிக்குறார்.

ஸ்டெப் 5: சம்பந்தப்பட்டவங்க வீட்டு ஆள்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டுங்க

நீங்க படிக்கும்போது அவங்க முகத்தப் பாருங்க, எங்கயாவது புருவம் சுருங்கினா அந்தச் சொல்ல மாத்திடுங்க, விளக்கம் சொல்லி சமாளிக்கப் பாக்காதீங்க. நான் சித்திகிட்ட படிச்சேன். கடைசியா அச்சாகி வந்த வரி இதுதான்: "வரவறிந்து செலவு செய்தார், அகலக்கால் வைத்ததில்லை, ஆனாலும் கடனென்று வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை". அந்த ரெண்டாவது பாதி என்னோடது இல்ல, கேட்டுட்டு இருந்த சித்தி "இதையும் சேத்துக்கடா"ன்னு சொன்னது.