நியோசோம் ஜெல் பண்றது எப்படி? (எம்.பார்ம் ப்ராஜெக்ட் பசங்களுக்கு)

சர்ஃபாக்டன்ட்டும் (சோப்பு மாதிரி, ஒரு பக்கம் தண்ணியோடயும் மறுபக்கம் எண்ணெயோடயும் சேருற பொருள்) கொலஸ்ட்ராலும் சேர்ந்து உருவாக்குற குட்டிப் பைக்குள்ள மருந்த அடைச்சு, அத ஜெல்லுல கலந்து தோல்ல தடவுறதுதான் நியோசோம் ஜெல். மதுரைப் பக்கம் காலேஜ் லேப்ல இருக்குற சாமானே இதுக்குப் போதும்.

1. ஸ்பான் 60 (இதுதான் சர்ஃபாக்டன்ட்) 43 மி.கி, கொலஸ்ட்ரால் 39 மி.கி (மோல் கணக்குல சரிபாதி), அசிக்லோஃபினாக் (வலி மருந்து) 10 மி.கி. மூணையும் ரவுண்ட் பாட்டம் பிளாஸ்க்ல 10 மி.லி குளோரோஃபார்ம்-மெத்தனால் (2:1) ஊத்திக் கரைங்க. ஸ்பான் 20 வேணாம், அதோட மூலக்கூறு வால் குட்டை, மருந்து சீக்கிரம் கசிஞ்சிரும்.

2. ரோட்டவேப்ல (பிளாஸ்க்க சுத்தவிட்டு வேக்குவத்துல சால்வென்ட்ட ஆவியாக்குற மெஷின்) 60 டிகிரில மெதுவா சுத்தவிட்டு சால்வென்ட்ட எடுங்க, பிளாஸ்க் சுவர்ல மெல்லிசா ஃபிலிம் படியும். சித்திரை வைகாசில மேல்தொட்டித் தண்ணி கொதிக்குது, அத கன்டென்சர்ல விட்டா குளோரோஃபார்ம் குளிராது, ஒரு வாளில ஐஸ் போட்டு சின்ன பம்ப் வச்சு சுத்தவிடுங்க. ஃபிலிம் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ராத்திரி முழுக்க வேக்குவம் டெசிக்கேட்டர்ல வைக்கணும்.

3. இதுதான் முக்கியமான இடம், எல்லாரும் தடுக்குறதும் இங்கதான். ஸ்பான் 60 இளகுறதே 53 டிகிரி கிட்டதான், அதுக்குக் கீழ இருந்தா ஃபிலிம் சுவர விட்டு வராது, வந்தாலும் செதில் செதிலா மிதக்கும். லேப்ல 38 டிகிரி புழுக்கம் இருந்தாலும் அந்தச் சூடு பத்தாதுங்க. பிஎச் 7.4 பஃபர் 10 மி.லிய தனியா 60 டிகிரிக்கு சூடு பண்ணிட்டுத்தான் ஊத்தணும், பிளாஸ்க்கும் அதே வாட்டர்பாத்துல இருக்கணும், வேக்குவம் ஆஃப், நாலஞ்சு கண்ணாடி மணி போட்டு 1 மணி நேரம் சுத்தவிடுங்க. நீர்மோர் மாதிரி ஒரே வெள்ளையா ஆகி, பிளாஸ்க்க சாய்ச்சா சுவர்ல ஒண்ணும் ஒட்டாம இருக்கணும்.

4. பைகளோட சைஸ் குறைக்க பாத் சோனிக்கேட்டர் (தண்ணித் தொட்டில ஒலி அலை விடுற மெஷின்) போதும். கம்பிய நேரா உள்ள விடுற ப்ரோப் சோனிக்கேட்டர் சூடேத்தும், டைட்டானியம் துகளும் உதிரும்.

5. கார்போபால் 940 (ஜெல் ஆக்குற பாலிமர் பவுடர்), 1% டிஸ்டில்டு வாட்டர்ல ராத்திரி ஊறட்டும். நியோசோமக் கலந்து, ட்ரைஎத்தனாலமைன (அமிலத்த சமன்பண்ணி ஜெல்ல இறுக்குற காரம்) சொட்டு சொட்டா விட்டு பிஎச் 6.5 வந்ததும் நிறுத்திருங்க.

அப்டேட்: ஜெல் தண்ணியா ஓடுதுன்னு கமெண்ட்ல நிறைய பேர் கேக்குறீங்க. பஃபர்ல உள்ள உப்புதாங்க காரணம், கார்போபாலுக்கு உப்பு ஆகாது. சென்ட்ரிஃபியூஜ் பண்ணி அடியில தங்குனத மட்டும் கலந்தா உப்பு குறையும், உள்ள போகாத மருந்தும் மேல் தண்ணியோட போயிரும். அப்பவும் இறுகலன்னா எச்பிஎம்சி (செல்லுலோஸ்ல இருந்து செய்ற வேற பாலிமர்) ஜெல்லுக்கு மாறிருங்க, உப்பு அத அவ்வளவா பாதிக்காது.