கிராப் மோடு போட்டால் லென்ஸ் நீளாது

200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, கிராப் மோடை (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படமாக்கும் செட்டிங்கை) ஆன் செய்துவிட்டு, "இப்போ இது 300" என்று சொல்பவர்களை வேடந்தாங்கல் காட்சிக் கோபுரத்தில் பார்க்கலாம். வியூஃபைண்டரில் மஞ்சள் மூக்கு நாரை பெரிதாகத் தெரிவது உண்மைதான். ஆனால் நாரைக்குக் கிடைக்கும் பிக்சல் ஒன்றுகூட ஏறவில்லை. சென்சாரின் ஓரங்களை கேமரா எழுதாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். முழு ஃபிரேமில் எடுத்து வீட்டில் லைட்ரூமில் வெட்டினாலும் இதே படம்தான். இறக்கை ஓரத்தில் மாட்டிக்கொண்டால் நகர்த்த இடமாவது இருக்கும்.

எவ்வளவு போகிறது என்பதில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. 1.5 கிராப் நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே வெட்டுவதால் பிக்சல்கள் 2.25 மடங்கு குறையும். 24 மெகாபிக்சல் நிக்கான் இசட்6-இல் டிஎக்ஸ் (நிக்கானின் 1.5 கிராப்) போட்டால் மிஞ்சுவது 3936 × 2624. சுமார் 10 மெகாபிக்சல். மெனுவில் அப்போதும் 'லார்ஜ்' என்றுதான் காட்டும். வெட்டியது போக மிச்சத்தில் லார்ஜ்! 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4 வைத்திருப்பவருக்கு 26 மிஞ்சும். அவர் கவலைப்பட வேண்டாம்.

கல்யாண வேலையில் இது நன்றாகவே அடிக்கும். 12 × 36 அங்குல ஆல்பத்தில் மேடை குரூப் ஒன்றை ஷீட் முழுக்க விரிக்கிறீர்கள் என்று வையுங்கள். 3936 பிக்சலை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 109தான் வரும். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்திருந்தால், அதிகம் பெரிதாக்குவதால் நாய்ஸ் எனும் புள்ளிகளும் அதிகமாகத் தெரியும். பெரும்பாலும் இது வேண்டுமென்று செய்வதல்ல. கஸ்டம் பட்டனில் கை பட்டிருக்கும், அல்லது ஏபிஎஸ்-சி (சிறிய சென்சாருக்கான) லென்ஸ் மாட்டியதும் 'ஆட்டோ' தானாக கிராப்புக்குப் போயிருக்கும். 'இன்னும் எத்தனை படம்' என்ற எண் திடீரென்று எகிறினால் சந்தேகப்படுங்கள்.

ராவில் (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைலில்) எடுத்தால் எல்லாம் பத்திரம் என்பது அடுத்த நம்பிக்கை. சோனியில் 16:9 விகிதம் வைத்தால் ராவில் முழுப் படமும் இருக்கும். ஏபிஎஸ்-சி கிராப் போட்டால் ராவே வெட்டுப்படும். நிக்கான் டி850-யில் 1:1 வைத்தாலே ராவும் சதுரம்தான். லைகா க்யூ2-வில் 75 மில்லிமீட்டர் கிராப் வைத்தாலும் டிஎன்ஜி எனும் ராவ் ஃபைலில் முழுக் காட்சியும் இருக்கும். உங்கள் கேமரா எந்தக் கட்சி என்று அறிய, ஒரு ராவ் எடுத்து கம்ப்யூட்டரில் திறந்து பிக்சல் அளவைப் பாருங்கள்.

கார்டில் இடம் மிச்சம் பிடிக்க கிராப் போடுவது என் கணக்கில் மோசமான காரணம். முழுக் காட்சியும் வேண்டும், ஃபைல் மட்டும் சிறிதாக வேண்டும் என்றால் ஜேபெக்கில் 'எம்' அளவு இருக்கிறது. ராவில் லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு (தரம் குறையாமல் சுருக்குவது) இருந்தால் அதை வையுங்கள். ஃபைல் எத்தனை மெகாபைட் என்பதை வைத்து தரத்தை எடை போடவும் வேண்டாம்: ஒரே செட்டிங்கில் எடுத்தாலும் வெறும் வானம் சிறிய ஜேபெக்காகவும், இலை அடர்ந்த மரம் பெரிய ஜேபெக்காகவும் வரும்.

பறக்கும் பறவையைத் தொடர்ந்து சுடும்போது மட்டும் கிராப் கைகொடுக்கும். ஃபைல் சிறிதாவதால் பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பாது. டி850 போன்ற, கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கும் டிஎஸ்எல்ஆரில் கிராப் எல்லைக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும் என்பதால், பறவை ஃபிரேமுக்குள் நுழையும் முன்பே விரல் ஷட்டரில் இருக்கும்.