வைப்புத்தொகையைப் பிரித்துப் போடுவது எப்படி?

ஓய்வுபெறும்போது வந்த பணம் முழுவதையும் ஒரே வங்கியில் போடாதீர்கள். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு 100 ரூபாய்க்கு 4 ரூபாயாக இருந்தது; 2025இல் அதையும் 3 ஆகக் குறைத்துவிட்டார்கள். பெரும்பகுதி கடனாகப் போய்விடுகிறது. காவல்காரரே கதவைத் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி என்ற கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாடிக்கையாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது வெறும் 1,000 ரூபாய்.

வங்கி முடங்கினால் வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம்தான், வட்டியும் சேர்த்து. அதனால் அம்மாவின் பணத்தை ஓராண்டு வைப்பாக, வங்கிக்கு நாலரை லட்சமாகப் போட்டேன். வட்டி ஏற இடம் வேண்டுமே. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டால் பலனில்லை, சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அப்புறம், ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. நகைக்கடனுக்குப் போங்கள், சேமிப்பை அங்கே வைக்காதீர்கள்.