119-ஆம் சங்கீதத்தை 22 நாளில் தியானிக்கும் முறை

மும்பை தாராவியிலிருந்து விடியுமுன் வேலைக்குப் புறப்படும் நம்மவர்க்கு வேதம் (பைபிள்) வாசிக்க நேரம் வாய்ப்பது அரிது என்பதால், அதிலுள்ள சங்கீதங்கள் என்னும் பாடல்களில் 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனங்களாக அது பிரிந்திருப்பதால், நாளுக்கு ஒரு பகுதி போதும். காலையில் வாய்விட்டு இருமுறை வாசித்து, மனத்தைத் தொட்ட ஒரே ஒரு வசனத்தைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். சயான் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அதை எடுத்து, சொல் சொல்லாக நிறுத்தி ஜெபமாக்குங்கள். 14-ஆம் நாளில் வரும் 105-ஆம் வசனம் தேவவசனத்தைக் கால்களுக்குத் தீபம் என்கிறது; கைவிளக்கு அடுத்த அடியைத்தானே காட்டும் என்று அந்த ஒரு சொல்லிலேயே நான் பல நாள் நின்றிருக்கிறேன். இரவில் தாளைப் பாராமல் வீட்டாருக்குச் சொல்லிக்காட்டுங்கள். ஒரு நாள் தவறினால், இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஓட்டாமல், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள்.