கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்: நினைவுப் பொருட்களைக் கைவினையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சேலையைக் கொண்டு சுவரில் தொங்கவிட ஒன்று தைக்க நினைத்தேன். முதல் வேலையாக அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, மின்னழுத்தியால் அழுத்தினேன். அந்தச் சேலைத் தலைப்பின் ஒரு மூலை எப்போதும் சுருங்கியே கிடக்கும். சந்தைக்குப் போகும்போது சில்லறையை அங்கேதான் முடிந்துகொள்வார். முடிந்து முடிந்து நூல்கள் நெருங்கி, அந்த இடம் விரலுக்குத் தடிப்பாகத் தெரியும். மின்னழுத்தி ஒரே இழுவையில் அதைத் தட்டையாக்கிவிட்டது.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இந்தத் துப்புரவுதான். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்குவதும், பன்புல்லில் இழைத்த பெட்டியின் மங்கிய சாயத்துக்குமேல் புதுப் பெயின்ட் பூசுவதும் இதே வகை. எந்தக் கறை அழுக்கு, எந்தக் கறை ஞாபகம் என்று முதலில் பாருங்கள். துவைத்தே ஆகவேண்டும் என்றால், ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் சற்றுநேரம் அழுத்திப் பிடியுங்கள். சாயம் ஒட்டினால் துவைக்க வேண்டாம். ஒட்டாவிட்டால் வெறும் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் பாயின்மேல் விரித்துக் காயவிடுங்கள். நைந்த துணியை ஈரத்தோடு கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே கிழியும்.

துணியைப் பசையால் ஒட்டுவதும் வேண்டாம். பசை காலப்போக்கில் மஞ்சளாகி விறைத்துவிடும். பின்னால் ஒரு பருத்தித் துணி வைத்து நூலால் தைத்தால், பிழைபோனாலும் பிரித்துவிடலாம். எந்த வேலையிலும் நான் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: இதைப் பிறகு பிரிக்க முடியுமா?

படங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிய இலங்கையின் கிழக்குக் கரை இது. 2004 டிசெம்பர் 26 அன்று கல்லடி, நாவலடி முதல் கல்முனை, மருதமுனை வரை கரையோர வீடுகளின் ஆல்பங்களையும் கடல் கொண்டுபோனது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சித்தி வீட்டில் தப்பிய ஒரே கல்யாணப் படம்தான் சில குடும்பங்களிடம் எஞ்சியிருக்கிறது. அதை வெட்டிக் கொலாஜ் செய்யாதீர்கள். ஸ்கேன் செய்து, பிரதியை வெட்டுங்கள், ஒட்டுங்கள், வண்ணம் தீட்டுங்கள். மூலப்படம் அலுமாரியில் இருக்கட்டும். அதன் பின்பக்கம் யார் யார் என்பதை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறலாம்.

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்க வேண்டாம், முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே படமெடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஓரத்தில் ஓர் அட்டைச் சட்டம் வையுங்கள். பின்னால் செய்தித்தாள் வைப்பது நம் கடைகளில் வழக்கம். அந்தத் தாளின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். செலோடேப்பும் அப்படியே.

மாரியில் பிரேம் போடாதீர்கள். வாவிக் காற்றின் ஈரம் கண்ணாடிக்குள் அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வெயில் காலம் வரும்வரை பொறுத்திருந்து செய்யுங்கள். செய்ததை வெயில் நேரே விழும் சுவரில் மாட்டவும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

பாற்பல், மாலைப்பூ, கடிதத்துண்டு எல்லாவற்றையும் ரெசின் என்னும், ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசினில் அமிழ்த்தி உறையவைப்பது இப்போது பெருகிவருகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. வெயில் பட்டு மஞ்சளாகும், சரியாகக் காயாத பூ உள்ளேயே கருகும், திரும்ப எடுக்கவே முடியாது.

கடைசித் தவறு, தனியாக முடிவெடுப்பது. அம்மம்மாவின் சேலை பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் சொந்தம். நான் யாரையும் கேட்கவில்லை. சேலையை மேசையில் விரித்துவைத்திருந்த நாளில் பெரியக்கா ஆரையம்பதியிலிருந்து வந்தார். தட்டையான மூலையைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்து, மூலையில் வைத்துச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி இறுக்கினார். அம்மம்மா இரட்டை முடிச்சுப் போட்டதில்லையாம், செருகிவிடுவாராம். எனக்கு அது தெரியாது. அந்தச் செருகலை அப்படியே பின்துணியில் வைத்துத் தைத்தேன். நாணயம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.