கருவோட இதயம் பெரிய இதயத்தோட குட்டி காப்பி இல்ல: அயன் சேனல் படிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் வலையில பேத்தை மீன் மாட்டுனா எடுத்து கடாசிருவாங்க, விஷம்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும். அந்த விஷம் டெட்ரோடோடாக்சின், செல்லோட சுவர்ல சோடியம் அயன் உள்ள நுழையுற வாசலை, அதாவது சோடியம் சேனலை அடைக்கும் (இந்த மாதிரி வாசலுக்குத்தான் அயன் சேனல்னு பேரு). நம்ம பக்கத்து காலேஜ் பசங்க இதைப் படிச்சிட்டு, அப்ப கருவோட இதயமும் நின்னுரும்ல, அப்படின்னு எழுதிட்டு வந்துர்றாங்க. அங்கதான் தப்பு. (பெரிய மனுசனையே அது கொல்றது மூச்சை நிறுத்தித்தான், இதயத்தோட சோடியம் சேனல் அந்த விஷத்துக்கு லேசுல மசியாது.)

அடை வச்ச கோழிமுட்டையில ரெண்டாவது நாளே இதயம் துடிக்கும், அந்த வயசுல இந்த விஷத்தை விட்டாலும் துடிப்பு ஓடிக்கிட்டே இருக்கும். ஏன்னா அந்த செல்லோட ரெஸ்டிங் வோல்டேஜ் (துடிக்காம இருக்குறப்ப செல்லுக்கு உள்ள இருக்குற வோல்டேஜ்) மைனஸ் 40 மில்லிவோல்ட் கிட்டத்தான், வளந்த வென்ட்ரிக்கிள் (இதயத்தோட கீழ் அறை) செல்லுக்கு மைனஸ் 80 பக்கம். மைனஸ் 40ல சோடியம் சேனல் இருந்தாலும் முக்கால்வாசி இன்ஆக்டிவேட் ஆகி, அதாவது தெறக்க முடியாம பூட்டி கிடக்கும், மெதுவான கரண்டுதான் துடிப்பை ஓட்டும், அதுல கால்சியம் சேனலுக்கு பெரிய பங்கு. அதனால விஷத்துக்கு அசையலன்னா சேனலே இல்லன்னு முடிவு கட்டிறாதீங்க, சேனல் இருக்குறது வேற, தெறக்குற நிலையில இருக்குறது வேற. வளர வளர வோல்டேஜ் மைனஸ் 80 பக்கம் கீழ இறங்குறதுக்கு கேஐஆர் 2.1 மாதிரி பொட்டாசியம் சேனல் கூடணும், அது கூடுனப்புறம்தான் சோடியம் சேனலோட பூட்டு விலகி அதுக்கு சோலி வரும். எனக்கு இந்த வரிசைதான் இதுல அழகான விசயம், நோட்ஸ்ல இதைத்தான் யாரும் எழுத மாட்டாங்க.

துடிப்பை ஆரம்பிச்சு வைக்கிறது சைனஸ் நோடு (இதயத்தோட மேல் அறையில இருக்குற இயற்கை பேஸ்மேக்கர்), வென்ட்ரிக்கிள் செல்லு தானா துடிக்காதுங்கிறதும் பெரியவங்க இதயத்துக்குத்தான். கருவுல வென்ட்ரிக்கிள் செல்லுலயும் தானா துடிக்க வைக்கிற எச்சிஎன் சேனலும் டி டைப் கால்சியம் சேனலும் நல்லா இருக்கும், வளர வளர அங்கிட்டு குறைஞ்சு முக்கியமா நோடு பக்கம் தங்கிரும்.

எலி டேட்டாவை அப்படியே மனுசனுக்கு போடாதீங்க. எலிக்கருவுல ஹெர்க் சேனல்தான் (துடிச்ச செல்லை மறுபடி ஓய்வு வோல்டேஜுக்கு கொண்டு வர்ற ஒரு பொட்டாசியம் சேனல்) முக்கியம், வளந்த எலியில அதுக்கு வேலை கம்மி, ஆனா மனுசனுக்கு கடைசி வரைக்கும் அது வேணும். ஹெர்க்கை அடைக்கிற மருந்து தாய் எலியை ஒண்ணும் பண்ணாம வயித்துக்குள்ள கருவோட இதயத்தை மெதுவாக்குறது இதனாலதான்.

ஸ்டெம் செல்லுல (எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய மூல செல்) செஞ்ச இதய செல்லு டிஷ்ல தானா துடிக்கிற வீடியோ பாத்து அசல் இதயம் மாதிரியே இருக்குன்னு ஷேர் பண்றீங்கள்ல, வளந்த வென்ட்ரிக்கிள் செல்லு சிக்னல் வராம சும்மாதான் கிடக்கும், இது தானா துடிக்குதுன்னா இன்னும் கரு வயசுலயே நிக்குதுன்னு அர்த்தம்.